கறிவேப்பிலைக் கூடாரத்துக்கு எவாப்பரேட்டிவ் கூலர்: எப்போது உதவும், எப்போது உதவாது?

மெல்பேர்ணில் நாம் கறிவேப்பிலைக் கன்றை உள்ளே கொண்டுவருவது குளிருக்குப் பயந்து. கராஜின் மூலையில் ஒரு வளர்விளக்கு, அல்லது பின்வளவில் ஒரு பிளாஸ்ரிக் கூடாரம். யூன், யூலை மாதங்களை அப்படித் தாண்டிவிடலாம். பிரச்சினை சனவரியில் வருகிறது. குளிரைத் தடுத்த அதே கூடாரம் வெயிலில் அடுப்பாகிவிடும். 2009 பெப்ரவரி 7 அன்று மெல்பேர்ண் நகரில் 46.4 பாகை வெப்பம் பதிவானது. சிட்னியின் மேற்கே பென்ரித்தில் 2020 சனவரி 4 அன்று 48.9 பாகை. அத்தகைய ஒரு பின்னேரம் போதும், நாலைந்து வருடம் வளர்த்த கன்று கருகிப்போக.

ஏசிக்குப் பதிலாகப் பலர் நாடுவது எவாப்பரேட்டிவ் கூலரை. விலை குறைவு, மின்சாரமும் குறைவு. அது வேலைசெய்யும் விதம் எமக்குப் புதிதல்ல. மண்பானையில் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படித்தான்: நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மேற்கு அவுஸ்திரேலியாவின் கூல்கார்டி தங்கவயல்களில் 1890களில் இதே முறையில், ஈரச் சாக்கு போர்த்திய பெட்டியில் இறைச்சியையும் வெண்ணெயையும் பழுதாகாமல் வைத்தார்கள். ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 0.67 கிலோவாட் மணிநேர வெப்பம் உறிஞ்சப்படும்.

ஆனால் எவ்வளவு குளிரும் என்பதைத் தீர்மானிப்பது கூலரின் விலையல்ல, வெளிக்காற்றின் ஈரப்பதன். 40 பாகை வெப்பம், 15 சதவீத ஈரப்பதன் உள்ள மெல்பேர்ண் நாளொன்றில் நல்ல ஈரமெத்தை கொண்ட கூலரிலிருந்து சுமார் 25 பாகையில் காற்று வரும். அந்தக் காற்றின் ஈரப்பதனும் 70 சதவீதத்தை அண்மிக்கும். செடிக்கு இது இரட்டை நன்மை. வரண்ட காற்றில் வேர் கொடுப்பதைவிட வேகமாக இலை நீரை இழப்பதால்தான் ஓரங்கள் கருகுகின்றன. ஏசி காற்றை மேலும் உலர்த்தும், கூலர் நனைக்கும். ஆகவே அப்படியான நாளில் செடிக்குக் கூலரே மேல் என்பது எமது கருத்து.

சிட்னியில் கதை வேறு. 30 பாகை, 70 சதவீத ஈரப்பதன் என்றால் அதே கூலர் மூன்று, நான்கு பாகைதான் குறைக்கும். மேற்குப் புறநகர்களில், உள்நாட்டிலிருந்து வரண்ட காற்று வீசும் நாட்களில் நன்றாக வேலைசெய்யும். கடற்காற்று வந்த புழுக்கமான இரவில் வெறும் மின்விசிறியே போதும். அவுஸ்திரேலிய வானிலைப் பணியகம் உங்கள் பகுதிக்குத் தரும் ஈரப்பதனைப் பார்த்துவிட்டு ஆளியைப் போடுங்கள்.

எம்மவர் பலர் கோட்டைவிடுவது காற்று வெளியேறும் வழியில். கராஜை இறுக மூடி, நடுவில் கூலரை வைத்தால் அது உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்ப நனைக்கும். ஒரு மணிநேரத்தில் குளிர்ச்சி போய்ப் புழுக்கம் மிஞ்சும். கூலரின் முதுகு யன்னலுக்கோ கதவுக்கோ வெளிப்புறமாகத் திரும்பி, வெளிக்காற்றை இழுக்கவேண்டும். எதிர்ப்பக்கம், முடிந்தால் உயரத்தில், அதன் வாயைவிடப் பெரிய திறப்பு வேண்டும். காற்று நேராக நாற்றுகளில் மோதவேண்டாம். வளர்விளக்கை மறக்கக்கூடாது: 300 வாட் விளக்கு மூடிய அறையில் 300 வாட் ஹீற்றர்தான். கோடையில் அதைப் பகலில் அணைத்து இரவில் எரியவிட்டால் பகல்நேரச் சுமை குறைந்துவிடும். கூடாரமென்றால் நிழல்வலையை வெளிப்புறமாகப் போடுங்கள். வெயில் பிளாஸ்ரிக்கைத் தாண்டி உள்ளே வந்தபின் வலை போட்டுப் பெரிய பயனில்லை.

இரவில் வெப்பம் தணிந்ததும் நீர்ப்பம்பை நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிடுங்கள். இரவு முழுக்க ஈரம் தங்கினால் மிளகாய், கத்தரி நாற்றுகளில் நாற்றழுகல் வரும். நீர் ஆவியானாலும் அதிலுள்ள உப்பு தாங்கியிலேயே தங்கும் என்பதால், வாரம் ஒருமுறை தாங்கியை வெறுமையாக்கிக் கழுவவேண்டும்.

செடியைவிடப் பெரிய விடயம் ஒன்று. கூலர் வெளிக்காற்றை அப்படியே உள்ளே இழுக்கிறது. 2019-20 கோடையில் காட்டுத்தீப் புகை இரு நகரங்களையும் மூடியது நினைவிருக்கும். மெல்பேர்ணில் 2016 நவம்பர் 21 அன்று வந்த இடிமின்னல் ஆஸ்துமாவில் பத்துப் பேர் இறந்தார்கள். புல் மகரந்தம் புயற்காற்றில் நுண்துகள்களாகச் சிதறியதே காரணம். பாதிக்கப்பட்டவர்களில் தெற்காசியப் பின்னணியினர் விகிதத்தை மீறி இருந்ததைப் பின்னர் வந்த ஆய்வுகள் பதிவுசெய்தன. ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை எச்சரிக்கை வந்தால், கராஜ் கூலரையும் கூரைக் கூலரையும் நிறுத்தி, யன்னல்களையும் கராஜிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவையும் மூடுங்கள். நிழல்வலைக்குக் கீழே, நன்கு நீரூற்றிய கன்று சில மணிநேரம் தாக்குப்பிடிக்கும்.