எழுதியவரின் கோபம், படித்தவரின் கோபம்: சங்கரராமன் வழக்கில் புனைபெயர்க் கடிதங்கள்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் மேலாளர் சங்கரராமன், 2004 செப்டம்பர் 3 அன்று கோயில் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றத்தில் இருந்த வழக்கை, 2005 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிக்கு மாற்றியது. சங்கர மடத்தின் ஜெயேந்திரர், விஜயேந்திரர் உள்ளிட்ட 23 பேரும் 2013 நவம்பர் 27 அன்று விடுதலையாயினர்.

துப்புத் துலங்காத வழக்கில் மொட்டைக் கடிதம் வந்தால் கொலையாளியே எழுதியிருப்பானோ என்றுதான் காவல்துறை முதலில் பார்க்கும். இங்கிலாந்தின் யார்க்ஷயர் கொலைகளில் அந்த எண்ணமே வினையாயிற்று. 1978-79இல் வந்த கடிதங்களையும் ஒலிநாடாவையும் நம்பிச் சண்டர்லாந்துப் பேச்சு வழக்குள்ள ஆளைத் தேடினார்கள். உண்மைக் குற்றவாளி வேறு ஊரில் இருந்துகொண்டு மேலும் கொலை செய்தான். போலிக் கடிதக்காரர் 2006இல்தான் தண்டனை பெற்றார். காஞ்சி வழக்கோ தலைகீழ். இங்கே கடிதம் எழுதியவராகச் சொல்லப்பட்டவர் கொலையுண்டவர்.

'சோமசேகர கனபாடிகள்' என்ற புனைபெயரில் மடத்தைச் சாடியவர் சங்கரராமனே என்பது குற்றச்சாட்டு. அவர் ஜெயேந்திரருக்கு அனுப்பியதாக 39 கடிதங்களின் நகல்களை அரசுத் தரப்பு காட்டியது. கடைசிக் கடிதத்தின் தேதி 2004 ஆகஸ்டு 30. நான்காம் நாள் கொலை. தேதிகள் இப்படி நெருங்கி நின்றால் ஒன்று காரணமாகவும் மற்றது காரியமாகவும் தோன்றிவிடும். ஆனால் கடிதம் காட்டுவது எழுதியவரின் கோபத்தை. கொலைக்கு வேண்டியதோ படித்தவரின் கோபம். கடிதம் போய்ச் சேர்ந்ததா, படிக்கப்பட்டதா, புனைபெயருக்குள் இருந்தவர் இன்னார் என்று தெரிந்ததா, தெரிந்தபின் பகை மூண்டதா என ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்று தேவை.

2005 ஜனவரி 10 அன்று ஜெயேந்திரருக்குப் பிணை வழங்கிய உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி லகோதி அமர்வு இந்த இடைவெளியைத்தான் தொட்டது. ஜெயேந்திரர் மனக்கசப்பைக் காட்டியதற்கு ஆதாரம் இல்லை. மூன்றாண்டுக்கு மேல் பேசாமலிருந்தவர் திடீரெனக் கொலைக்குச் சதி செய்தார் என்பது அறிவுக்குப் பொருந்தவில்லை என்றது. மௌனத்துக்குள்ளும் வன்மம் வளரலாமே என்று கேட்கலாம். வளரலாம்தான். ஆனால் அதை எந்த மௌனத்தின் மேலும் ஏற்றிச் சொல்லலாமே.

இறந்தவர் தொடர்பான கடிதத்தைச் சட்டம் ஒதுக்கிவிடுவதும் இல்லை. 1937இல் பித்தாபுரத்து ஊழியர் ஒருவருக்குப் பெர்ஹாம்பூருக்கு வரச்சொல்லிக் கையொப்பமில்லாத கடிதம் வந்தது. சில நாளில் அவர் உடல், புரி ரயில் நிலையத்தில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தது. கடிதத்தைப் பற்றி அவர் மனைவியிடம் சொன்ன சொல்லைப் பிரிவி கவுன்சில் 1939இல் (பாகலா நாராயணசாமி வழக்கு) சாட்சியச் சட்டத்தின் 32(1) பிரிவில் ஏற்றது. அந்தக் கடிதமே அவரைச் சாவூருக்கு வண்டியேற்றியது. காஞ்சிக் கடிதங்களுக்கு அத்தகைய நேர்த்தொடர்பு நிறுவப்படவில்லை.

கடிதங்கள் மட்டுமே அரசுத் தரப்பின் கையில் இருந்தன என்று சொல்வது நியாயமாகாது. அப்ரூவர் இருந்தார், அவரும் பிறழ்ந்தார். விசாரிக்கப்பட்ட 189 சாட்சிகளில் 83 பேர் பிறழ் சாட்சிகளாயினர். சங்கரராமனின் மனைவி மக்களும் எதிரிகளை அடையாளம் காட்டவில்லை. கொலைக்கான நோக்கத்தைச் சொல்ல வந்த கடிதங்களால், கொன்றவர் யார் என்ற கேள்விக்கு விடை தர முடியவில்லை.