அரிக்கமேட்டு அகழாய்வுகளும் துறைமுக வரலாற்றின் தொடக்கமும்: வடசென்னையை முன்வைத்து

முன்னுரை

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய வடசென்னைப் பகுதிகளின் வரலாறு பெரும்பாலும் 1639இல் ஆங்கிலேயர் பெற்ற நிலக்கொடையிலிருந்தோ, 1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் தொடர்வண்டி நிலையத்திலிருந்தோ தொடங்கப்படுகிறது. வந்தேறிய வணிகரை முதலாகக் கொண்டு ஒரு துறையின் வரலாற்றை எழுதுவது எத்தகைய பிழைக்கு இட்டுச்செல்லும் என்பதை அரிக்கமேட்டின் வழி இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

வீலரின் முடிவு

அரிக்கமேடு புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கு நிகழ்த்திய அகழாய்வில் இத்தாலிய அரிட்டைன் மட்கலங்களின் உடைசல்களும், மது கொணர்ந்த ஆம்போரா சாடிகளின் சில்லுகளும் கிடைத்தன. அரிட்டைன் கலங்களின் காலம் ஐரோப்பாவில் முன்பே வரையறுக்கப்பட்டிருந்தது. அதனைக் கொண்டு தென்னிந்தியத் தொல்லியலுக்கு உறுதியான காலக்கணக்கு ஒன்றை வீலர் அமைத்தார். இப்பங்களிப்பு மறுக்கவியலாதது. எனினும், அவ்விடத்தை அவர் 'இந்திய-உரோமானிய வணிக நிலையம்' எனக் குறித்தார். எளிய மீனவர் குடியிருப்பை உரோமானிய வணிகமே நகராக்கியது என்னும் கருத்து அதனுடன் வேரூன்றியது.

மறு ஆய்வுகள்

1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் நடைபெற்ற அகழாய்வு இக்கருத்தைத் திருத்தியது. மத்தியதரைக்கடல் பண்டங்கள் வருவதற்கு முன்பே அங்கு மக்கள் வாழ்ந்திருந்தனர். அவ்வணிகம் தளர்ந்த பின்னரும் வாழ்வு தொடர்ந்தது. இறக்குமதி எனக் கருதப்பட்ட ரௌலட்டட் வகைக் கலங்கள் இந்திய மண்ணில் வனையப்பட்டவை என்பதைக் களிமண் பகுப்பாய்வுகள் காட்டின. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகளும், மணி உருவாக்கத்தின் எச்சங்களும் உள்ளூர்க் கைவினைஞரின் இருப்பைச் சான்றளிக்கின்றன. ஆகவே, அரிக்கமேடு உரோமர் கட்டிய ஊரன்று. உரோமரின் பண்டங்கள் வந்திறங்கிய தமிழர் துறை.

இன்று அவ்விடத்திற்குச் செல்வோர் காணும் செங்கற் சுவர்கள் 18ஆம் நூற்றாண்டுக் கிறித்தவ சமயப் பணியாளர் இல்லத்தின் எச்சங்களே. பண்டைய கட்டுமானங்கள் மண்ணுக்கடியில் உள்ளன. கண்ணுக்குத் தெரிவதையே தொன்மையெனக் கொள்ளும் மயக்கத்திற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

முடிவுரை

வடசென்னையிலும் இம்மயக்கம் நேர இடமுண்டு. திருவொற்றியூர்க் கோயிலில் பல்லவன் அபராசிதவர்மனின் கல்வெட்டுகள் உள்ளன. அவை ஆங்கிலேயர் வருகைக்கு ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் முற்பட்டவை. முதலாம் இராசேந்திரன் காலத்தில் அக்கோயிற் கருவறை கருங்கல்லால் எடுக்கப்பட்டது. துறைமுகமும் தொழிற்சாலைகளும் அப்பழைய குடியிருப்புகளை அடுத்தும் அவற்றின் மேலும் எழுந்தவையே. எனவே, சாலைக்கும் ஆலைக்கும் நிலம் தோண்டப்படுந்தோறும் மண்ணடுக்குகளும் பானையோடுகளும் பதிவுசெய்யப்படுதல் வேண்டும். அரிக்கமேட்டில் பிழையைத் திருத்த மண் எஞ்சியிருந்தது. கற்காரை மூடிய கரையில் அவ்வாய்ப்பு மீண்டும் கிட்டாது.