அடையாற்றுக் கடிதங்களும் திறனாய்வாளரின் அமானிதமும்

கிழக்குத் தாம்பரத்தில் அடர்ந்த மரங்களுக்கிடையே அமைந்துள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரி, 1937ஆம் ஆண்டில்தான் அவ்விடத்திற்குக் குடிபெயர்ந்தது. அதற்கு முன்னர் அது நகரின் எஸ்பிளனேடு பகுதியில் இயங்கி வந்தது. தாம்பரத்திற்கு வடகிழக்கே, அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் தென்கரையில், பிரம்மஞான சபையின் தலைமையகம் இருக்கிறது. இன்று தென்சென்னையின் இரு அமைதியான சோலைகளாக விளங்கும் இவ்விரு நிறுவனங்களுக்கிடையே 1884ஆம் ஆண்டில் மூண்ட சர்ச்சை, லண்டன் வரை எட்டியது. நூறாண்டுகளுக்குப் பின்னும் ஓயவில்லை. ஆய்விதழ் நடத்துவோரும், பிறர் எழுத்தை மதிப்பிடுவோரும் ஏற்க வேண்டிய பொறுப்புகள் யாவை என்ற வினாவுக்கு, நம் ஊரிலேயே நிகழ்ந்த அச்சர்ச்சையைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

நிகழ்ந்தது என்ன?

பிரம்மஞான சபை 1875இல் நியூயார்க்கில் ஹெலினா பிளாவட்ஸ்கி அம்மையார், கர்னல் ஆல்காட் முதலியோரால் தொடங்கப்பட்டது. 1882 டிசம்பரில் அதன் தலைமையகம் அடையாற்றுக்கு வந்தது. திபெத்தில் வாழும் மகாத்மாக்கள் சிலர் தமக்கு வழிகாட்டுவதாகவும், அவர்களுடைய கடிதங்கள் மனித இயல்புக்கு அப்பாற்பட்ட முறையில் வந்து சேர்வதாகவும் அம்மையார் கூறினார். அவர்களுள் முதன்மையானவராகச் சொல்லப்பட்டவர் கூட் ஹூமி. அலகாபாத்தின் 'பயனீர்' நாளேட்டின் ஆசிரியராயிருந்த சின்னெட் என்பவர், இக்கடிதங்களின் பகுதிகளைத் தம் நூலொன்றில் 1881இல் வெளியிட்டார். அடையாற்றில் ஓர் அறையின் சுவரில் பொருத்தப்பட்டிருந்த மரப்பேழைக்குள்ளும் இத்தகைய கடிதங்கள் தோன்றுவதாகக் கூறப்பட்டது.

முதல் ஐயம் எழுத்துத் திருட்டு பற்றியதாகவே எழுந்தது. தாம் 1880இல் நிகழ்த்திய சொற்பொழிவொன்றின் பகுதிகள், கூட் ஹூமியின் கடிதத்தில் பெயர் சுட்டப்படாமலே இடம்பெற்றிருப்பதை ஹென்றி கிடில் என்ற அமெரிக்கர், லண்டனின் 'லைட்' இதழில் 1883இல் எடுத்துக்காட்டினார். மனத்தால் அனுப்பப்பட்ட கடிதம் தாளில் பதியும்போது சிதைந்துவிட்டது என்பதே அதற்குத் தரப்பட்ட விளக்கம்.

1884இன் தொடக்கத்தில் பிளாவட்ஸ்கியும் ஆல்காட்டும் ஐரோப்பா சென்றனர். அவர்கள் இல்லாத வேளையில், தலைமையகத்தின் இல்லப் பொறுப்பைக் கவனித்துவந்த எம்மா கூலோம் என்பவரும் அவர்தம் கணவரும் மே மாதத்தில் சபையிலிருந்து விலக்கப்பட்டனர். பிளாவட்ஸ்கி தமக்கு எழுதியவை என்று கூறிச் சில கடிதங்களை எம்மா கூலோம் வெளிக்கொணர்ந்தார். அற்புதங்கள் என்று சொல்லப்பட்டவை எல்லாம் முன்னேற்பாட்டுடன் நிகழ்த்தப்பட்ட தந்திரங்களே என்பதை அக்கடிதங்கள் காட்டுவனவாக இருந்தன. ஜார்ஜ் பேட்டர்ஸன் பாதிரியாரை ஆசிரியராகக் கொண்ட கிறித்துவக் கல்லூரிச் சஞ்சிகை, அவற்றை 1884 செப்டம்பர், அக்டோபர் இதழ்களில் வெளியிட்டது. செய்தி லண்டன் 'டைம்ஸ்' வரை சென்றது. கடிதங்கள் புனையப்பட்டவை என்று அதே ஏட்டில் பிளாவட்ஸ்கி மறுப்பு எழுதினார்.

இதற்கிடையே, லண்டனில் 1882இல் நிறுவப்பட்டிருந்த ஆன்மவியல் ஆராய்ச்சிக் கழகம் இவ்வற்புதங்களை ஆராயக் குழுவொன்றை அமைத்திருந்தது. அக்குழுவின் சார்பில் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்ற இளைஞர் 1884 டிசம்பரில் அடையாறு வந்து, ஏறக்குறைய மூன்று மாதங்கள் இந்நாட்டில் தங்கி விசாரித்தார். 1885 டிசம்பரில் வெளியான, சுமார் இருநூறு பக்கங்கள் கொண்ட அறிக்கை, பிளாவட்ஸ்கியைத் தேர்ந்த மோசடிக்காரர் என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில், அவர் இந்தியாவை விட்டு நீங்கிவிட்டார்; மீண்டும் வரவில்லை. 1891இல் லண்டனில் காலமானார்.

இரு தரப்பின் குறைகள்

மேலெழுந்தவாரியாக நோக்குவோர், ஓர் இதழ் தன் கடமையைச் செய்து பொய்யை அம்பலப்படுத்திற்று என்று முடித்துவிடுவர். அதில் உண்மை உண்டு. மக்களின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவர் பற்றிக் கனமான ஐயம் எழுந்தபின் வாய்மூடியிருப்பது இதழாசிரியருக்கு அழகன்று. அச்சஞ்சிகை, கையெழுத்தை அறிந்தவர்களிடம் காட்டியே கடிதங்களை வெளியிட்டது. ஓய்வுபெற்ற சிவில் அதிகாரியான கிரிபிள் என்பவரின் ஆய்வறிக்கையும் அதே ஆண்டில் வெளிவந்தது. இவையெல்லாம் அதன் பக்கம் நிற்கும் நியாயங்கள்.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. வெளியிட்டது ஒரு மிஷன் கல்லூரியின் இதழ். வெளியிடப்பட்டதோ, கிறித்துவப் பிரசாரத்திற்கு எதிராகக் கிளம்பியிருந்த இயக்கத்தின் தலைவியைப் பற்றிய குற்றச்சாட்டு. சாட்சி கூறியவர், அச்சபையிலிருந்து மனக்கசப்புடன் வெளியேற்றப்பட்டவர். குற்றம் சாட்டப்பட்டவர் கடல் கடந்திருந்த வேளையில் கடிதங்கள் அச்சேறின. அவற்றின் மூலப் பிரதிகளைக் கண்ணால் கண்டு பதிலிறுக்கும் வாய்ப்பு அவருக்குத் தரப்படவில்லை என்பது பிரம்மஞான சபையாரின் நெடுநாள் முறையீடு. அம்மூலங்கள் இன்று எவருக்கும் ஆராயக் கிடைப்பதில்லை.

சபையாரும் சான்றுகளைப் பேணினார்களில்லை. சர்ச்சையின் மையப் பொருளான மரப்பேழையை ஹாட்ஜ்சன் பார்க்கவே இயலவில்லை. அவர் வருவதற்கு முன்னரே அது சபையினராலேயே அழிக்கப்பட்டுவிட்டிருந்தது. ஆக, ஒரு தரப்பின் கடிதங்களும் இல்லை. மறு தரப்பின் பேழையும் இல்லை. எஞ்சியிருப்பது அறிக்கை மட்டுமே.

அவ்வறிக்கையும் குற்றமற்றதன்று. லண்டனின் கையெழுத்து வல்லுநர் நெதர்கிளிஃப்ட், கூட் ஹூமியின் கடிதங்கள் சில பிளாவட்ஸ்கி எழுதியவை அல்ல என்றே முதலில் கருதினார். மேலும் மாதிரிகள் காட்டப்பட்ட பின்னர் அவை அவருடையவையே என்று மாறினார். இம்மாற்றத்தை ஹாட்ஜ்சன் மறைக்காமல் பதிவு செய்தது பாராட்டுக்குரியது. ஆனால் அவர் அத்துடன் நில்லாமல், அம்மையாரின் நோக்கம் ருஷ்ய அரசின் நலனை வளர்ப்பதே என்றும் அனுமானித்தார். கையெழுத்தை ஆராயச் சென்றவர் உள்ளத்தையும் ஆராயத் துணிந்துவிட்டார்.

1986 ஏப்ரலில், அதே ஆராய்ச்சிக் கழகத்தின் இதழ், போலி ஆவணங்களைக் கண்டறிவதில் வல்லவரான வெர்னான் ஹாரிஸன் எழுதிய மறுஆய்வை வெளியிட்டது. ஹாட்ஜ்சனின் அறிக்கை பாரபட்சமானது, அறிவியல் முறைக்கு ஒவ்வாதது என்பது அவர் முடிவு. பிளாவட்ஸ்கி எல்லாவற்றிலும் குற்றமற்றவர் என்று இதனால் நிறுவப்பட்டுவிடவில்லை. ஹாரிஸனின் முடிவை எல்லா ஆய்வாளரும் ஏற்றனர் என்பதுமில்லை. எனினும், தன் கழகம் வெளியிட்ட தீர்ப்பின் மீதான கண்டனத்தை, நூறாண்டு கடந்தாயினும், தன் பக்கங்களிலேயே ஏற்றுக்கொண்டது ஓர் இதழுக்குப் பெருமை தருவதேயாகும்.

முஹத்திஸ்கள் வகுத்த நெறி

பிறர் கூற்றைப் பரிசோதிக்கும் கலை நமக்குப் புதிதன்று. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மருத்துவர் ருஹாவீயின் 'அதபுத் தபீப்' எனும் நூலில், மருத்துவரின் குறிப்பேடுகளை அத்துறையினர் ஆராய்வது பற்றிய செய்தி உண்டு. இதைக் கொண்டு இன்றைய மதிப்பீட்டு முறையை முஸ்லிம்களே தோற்றுவித்தனர் என்று பெருமை பேசுவோர் உளர். அது மிகை. நோயாளியின் முடிவு குறித்த விசாரணை வேறு. கட்டுரையை அச்சேற்றுமுன் துறை அறிஞரிடம் காட்டும் வழக்கம் வேறு. ஆதாரத்தை அதன் அளவுக்கு மேல் இழுப்பதும் அறிவு நாணயத்திற்கு மாறானதே.

நம் மரபில் இதற்கு உண்மையிலேயே நெருங்கியது, ஹதீஸ் அறிவிப்பாளர்களைக் குறைகூறலும் சான்றுரைத்தலும் ஆகிய ஜர்ஹ் - தஃதீல் கலையாகும். இப்னு அபீ ஹாத்திம் (மறைவு ஹி. 327 / கி.பி. 938) முதல் தஹபீ (ஹி. 748 / 1348) வரை எண்ணற்ற இமாம்கள் இக்கலையில் உழைத்தனர். ஒருவரின் குறையை வெளியிடுவது புறம் பேசுதல் ஆகாதா என்ற வினாவை அவர்கள் முதலில் எதிர்கொண்டனர். மார்க்கத்தைக் காக்கும் தேவைக்காக அது ஆகும். தேவையின் அளவுக்கு மேல் ஆகாது என்று எல்லையிட்டனர். ஹாட்ஜ்சன் ருஷ்ய நோக்கத்தைப் புகுத்தியபோது மீறியது இவ்வெல்லையைத்தான்.

இரண்டாவதாக, காரணம் விளக்கப்படாத குறைகூறலை, நம்பகமானவர் என்று சான்று பெற்ற ஒருவர் மீது ஏற்கலாகாது என்று அறிஞர் பலர் விதித்தனர். விளக்கப்பட்ட குறைகூறலுக்கு 'ஜர்ஹ் முஃபஸ்ஸர்' என்று பெயர். 'இவர் பலவீனமானவர்' என்று சொன்னால் போதாது. ஏன் என்பதும் சொல்லப்பட வேண்டும்.

மூன்றாவது விதி நம் சர்ச்சைக்கு மிக நெருக்கமானது. ஒரே காலத்தில் ஒரே துறையில் நிற்போர், போட்டியாலோ கொள்கைப் பகையாலோ ஒருவர் மீது ஒருவர் கூறும் குறையை அப்படியே ஏற்றல் கூடாது. இப்னு அப்தில் பர்ரு (ஹி. 463 / 1071) இதற்கெனத் தம் நூலில் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார், தாஜுத்தீன் ஸுப்கீ (ஹி. 771 / 1370) இதை விரிவாக ஆராய்ந்தார். மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் இப்னு இஸ்ஹாக்கைப் பற்றிக் கூறிய கடுஞ்சொல்லை, அவ்விருவரையும் மதித்த பின்னோர் இந்த அடிப்படையிலேயே எடைபோட்டனர். பகைவன் சொன்னான் என்பதற்காக உண்மை பொய்யாகிவிடாது. ஆனால் பகைவன் சொன்னால் சான்று கூடுதலாகத் தேவைப்படும். எம்மா கூலோமின் சாட்சியத்தையும், மிஷன் சஞ்சிகையின் ஆர்வத்தையும் நிறுக்க வேண்டிய தராசு இதுவே.

உறவும் இத்தராசைச் சாய்க்கக் கூடாது. அலீ இப்னுல் மதீனீ (ஹி. 234 / 849) தம் தந்தையையே ஹதீஸில் பலவீனமானவர் என்று அறிவித்தார். இமாம் புகாரீ (ஹி. 256 / 870) நைஸாபூருக்கு வந்தபோது, அவ்வூரின் பேரறிஞர் துஹ்லீ, கொள்கை வேறுபாடொன்றின் காரணமாக அவரைக் கடுமையாக எதிர்த்து, அவரிடம் செல்வோர் தம் அவைக்கு வரலாகாது என்றே தடுத்தார். புகாரீ நைஸாபூரை விட்டு நீங்க நேர்ந்தது. அத்தகைய துஹ்லீயின் வாயிலாக வந்த அறிவிப்புகள் புகாரீயின் 'ஸஹீஹ்' நூலில் இடம்பெற்றுள்ளன. தம்மைத் துன்புறுத்தியவரின் கல்வி நம்பகத்தை அவர் மறுக்கவில்லை. இன்னொருபுறம், அந்த 'ஸஹீஹ்' நூலையும் திறனாய்வுக்கு அப்பாற்பட்டதாக எவரும் வைக்கவில்லை. தாரகுத்னீ (ஹி. 385 / 995) புகாரீ, முஸ்லிம் ஆகிய இருவரின் தொகுப்புகளிலும் தமக்கு ஐயமான அறிவிப்புகளைத் தனி நூலாகவே எழுதினார். சமுதாயம் அதைப் பாதுகாத்தது. விடை சொல்ல வேண்டியவர்கள் விடை சொன்னார்கள். ஹாரிஸனின் மறுஆய்வுக்கு இடமளித்த இதழ், அறிந்தோ அறியாமலோ, இவ்வழியையே பின்பற்றிற்று.

இன்றைய நிலை

இவ்விடத்தில் இரு காலங்களுக்குமிடையே ஒரு பெரும் வேறுபாட்டைக் குறிப்பிட வேண்டும். ஹதீஸ் திறனாய்வாளர் தம் பெயரால் பேசினார். அவர் சொன்னது அறிவிப்பாளர் வரிசையுடன் பதிவாயிற்று. பின்வந்தோர் அவரையே எடைபோட முடிந்தது. இன்றைய ஆய்விதழ்களில் மதிப்பீட்டாளரின் பெயர் பெரும்பாலும் மறைக்கப்படுகிறது. அஞ்சாமல் உண்மை கூற அது துணை செய்கிறது. ஆனால் அநீதி இழைத்தாலும் எவரும் அறியார் என்ற துணிவையும் அது தருகிறது. எனவே அவர் கையிலிருப்பது, சாட்சியில்லாமல் ஒப்படைக்கப்பட்ட ஓர் அமானிதம்.

மதிப்பீடே இல்லாத இதழ்களும் பெருகின. பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே மாதத்தில் தன் பட்டியலிலிருந்து 4,305 ஆய்விதழ்களை நீக்கியது. பின்னர் வந்த 'கேர்' பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. இதழின் தரத்தை ஆராயும் பொறுப்பு கல்வி நிறுவனங்களிடமே திரும்பியிருக்கிறது. தாம்பரத்திலிருந்து வண்டலூரையும் தாண்டிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கும் கல்லூரிகள் நிறைந்துள்ளன. அங்கெல்லாம் பணியுயர்வுக்குக் கட்டுரை தேடும் ஆசிரியர்களும், பட்டம் தேடும் மாணவர்களும் இருக்கிறார்கள். எந்தப் பட்டியலும் அவர்களைக் காக்காத இந்நிலையில், நேர்மையான மதிப்பீட்டாளரே எஞ்சிய காவல்.

அக்காவலில் நானும் ஒருமுறை தவறினேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்விதழ், அரபுத் தமிழ் பற்றிய கட்டுரையொன்றை என் பார்வைக்கு அனுப்பியது. பெயர் மறைக்கப்பட்டிருந்தும், எழுதியவர் யாரென்பதை நடையிலிருந்தே அறிந்துகொண்டேன். ஒரு கருத்தரங்கில் என் கட்டுரையைப் பலர் முன்னிலையில் மறுத்தவர் அவர். 'புதிய செய்தி ஏதுமில்லை' என நான்கு வரி எழுதி அனுப்பினேன், கட்டுரை நிராகரிக்கப்பட்டது. இரண்டாண்டு கழித்து அது வேறோர் இதழில் வெளிவந்தபோது நிதானமாகப் படித்தேன். நான் வகுப்பில் பல்லாண்டு பிழையாகக் கற்பித்துவந்த ஓர் ஆண்டுக் கணக்கை அது தக்க சான்றுகளுடன் திருத்தியிருந்தது. போட்டியாளரின் குறைகூறல் செல்லாது என்ற பாடத்தை அவ்வாண்டும் நான் மாணவர்களுக்கு நடத்தியிருந்தேன்.

அன்று முதல் எழுதியவரை அடையாளம் கண்டுகொண்டால் கட்டுரையைத் திருப்பி அனுப்பி, வேறொருவரிடம் காட்டுமாறு ஆசிரியரை வேண்டிக்கொள்கிறேன். மறுப்பதாயின் பக்க எண்ணுடனும் காரணத்துடனும் மறுக்கிறேன். எழுதிய மதிப்பீடுகளின் நகல்களை ஒரு கோப்பில் பேணி வருகிறேன். நாளை எவரேனும் கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டுமல்லவா? அந்த நான்கு வரியின் நகலும் அதில் இருக்கிறது. வல்லாஹு அஃலம்.