கடல் காணா ஊரும் கப்பல் உத்தியோகமும்

நம் ஆத்தூர்க் கோட்டையை அடுத்து ஓடும் வசிட்ட நதி எங்குச் சென்று சேர்கின்றது என நம் சிறுவர்களை வினவின், விடை கூறுவார் சிலரே. அது வெள்ளாற்றோடு கலந்து பரங்கிப்பேட்டையருகே வங்கக் கடலில் வீழ்கின்றது. மழைக்காலத்தில் நம் வயல்களைக் கடந்து செல்லும் நீர் கடலைக் காண்கின்றது. நம்மவருட் பலர் ஆயுள் முழுதும் அதனைக் கண்டிலர். இதனாலன்றோ, கப்பல் உத்தியோகம் கரையோரத்தார்க்கே உரியதென்னும் எண்ணம் நம் குடும்பங்களில் ஊறிக் கிடக்கின்றது.

அவ்வெண்ணம் சரித்திரத்திற்குப் பொருந்துவதன்று. 1830-ஆம் ஆண்டளவில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவியபொழுது, அதற்கு வேண்டிய இரும்புக் கல் சேலம் ஜில்லா மலைகளினின்றே சென்றது. உருக்கிய இரும்பு கப்பலேறி இங்கிலாந்து சென்றது. இன்று ஆத்தூரைச் சுற்றிலும் குச்சிக்கிழங்கை ஜவ்வரிசியாக்கும் ஆலைகள் இருப்பதும் கடலால் வந்த விளைவேயாம். இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜவ்வரிசி சிங்கப்பூர், மலேயா முதலிய இடங்களினின்று கப்பலில் வந்துகொண்டிருந்தது. போரினால் அவ்வரவு நின்றுபோகவே, 1943-இல் சேலத்து மாணிக்கம் செட்டியார், பினாங்கில் அத்தொழிலைக் கண்டறிந்த போபட்லால் ஷா என்பவரின் துணைகொண்டு, இங்கேயே அதனைச் செய்யத் தொடங்கினார்.

சரக்கினும் மிகுதியாகக் கப்பலேறியவர் நம் மக்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய கங்காணிகள் திருச்சிராப்பள்ளி, சேலம் ஜில்லாக்களின் கிராமங்களையே பெரிதும் நாடினர். முன்பணம் என்னும் கயிற்றால் கட்டுண்டே பலர் ஊரைவிட்டுச் சென்றனர். மலேயா சென்றோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினர். 1926-இல் கட்டப்பெற்ற 'ரஜூலா' என்னும் கப்பலின் பெயரை நம் முதியோர் சிலர் இன்றும் கூறக் கேட்கலாம். அக்கப்பல் மேற்றளப் பயணிகள் மட்டும் 5,000 பேருக்கு மேல் ஏற்றிச் செல்ல அனுமதி பெற்றிருந்ததென்றால், அவர்கள் பாயும் மூட்டையுமாய்க் கிடந்த நெருக்கத்தை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இத்துணைப் பேரை ஏற்றலாமென்று அளவு விதித்தவர் யாவர்? ஈண்டுதான் நாம் கூறவந்த விஷயம் தொடங்குகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் கப்பலுடையோர் சிலர், பழுதுற்ற கப்பல்களில் அளவிறந்த சரக்கை ஏற்றி அனுப்புவர். கப்பல் மூழ்கினால் இன்ஷூரன்ஸ் பணம் வரும். மாலுமியின் மனைவிக்கு யாதும் வாராது. இக்கொடுமையை எதிர்த்துப் பாராளுமன்றத்தில் போராடியவர் சாமுவேல் பிளிம்ஸால். அவர் முயற்சியால் 1876-இல் எழுந்த சட்டத்தின்படி, கப்பலின் பக்கத்தில் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் வரையவேண்டுமென்பது விதியாயிற்று. பாரம் ஏற ஏறக் கப்பல் தாழும். நீர்மட்டம் கோட்டைத் தொட்டால் அதற்குமேல் ஒரு மூட்டையும் ஏற்றலாகாது. ஆயின் அக்கோட்டை எவ்விடத்தில் வரைவதென்பதைக் கப்பலுடையவர் விருப்பத்திற்கே சட்டம் விட்டுவிட்டது. கார்டிப் நகரத்துக் கப்பற்றலைவர் ஒருவர் அதனைப் புகைபோக்கியின் மேல் வரைந்துவைத்தாரெனக் கதை சொல்வர். 1890-இல்தான் கோட்டின் இடத்தைச் சட்டமே வரையறுத்தது.

இன்று அவ்வட்டத்தின் அருகே ஏணிப்படி போலச் சிறு கோடுகள் பலவற்றைக் காணலாம். நன்னீரில் கப்பல் மிகுதியாகத் தாழும். உப்பு நீரிற் புகுந்தவுடன் சற்றே எழும். ஆதலின் ஆற்றுத் துறையில் பாரம் ஏற்றும் கப்பலுக்குக் கோடு மேலே உள்ளது. அமைதி மிக்க உஷ்ண மண்டலக் கடலுக்கு ஒரு கோடு. குளிர்காலத்துக்கு அதனினும் தாழ்ந்த கோடு. வட அட்லாண்டிக் கடலின் குளிர்காலத்துக்கு யாவற்றினும் தாழ்ந்த கோடு. வழியறிந்து பாரம் ஏற்றும் நம் வண்டிக்காரர்க்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும்.

அளவு விதிப்போரும் தவறுதல் உண்டு. 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பனிப்பாறையில் மோதி மூழ்கிய டைட்டானிக் கப்பலில் சுமார் 2,200 பேர் இருந்தனர்; அதன் படகுகளில் 1,178 பேருக்கே இடமிருந்தது. வியப்பென்னவெனின், அது சட்டத்தை மீறியதன்று; சட்டம் கேட்டதற்கு மேலாகவே படகுகள் வைத்திருந்தது! விதியை எழுதிய காலத்தில் 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கெனத் தனி அளவு எழுதப்படவில்லை; டைட்டானிக்கோ 46,000 டன். அதன் பின்னரே 1914-இல் பல தேசத்தார் கூடிக் கடலில் உயிர்காப்புக்கென முதல் உடன்படிக்கை செய்தனர்.

அந்நன்மையேனும் நம்மவர்க்கு முழுதும் கிட்டியதோ? இல்லை. 1929-ஆம் ஆண்டு உடன்படிக்கை, யாத்திரிகர் முதலிய மேற்றளப் பயணிகளைத் திரளாக ஏற்றும் கப்பல்களுக்குச் சில விதிகளைத் தளர்த்த இடங்கொடுத்தது. அவ்வாறு தளர்த்தி எழுதப்பெற்றவையே 1931-ஆம் ஆண்டுச் சிம்லா விதிகள். அறை பெற்றுப் பயணஞ் செய்வோர் உயிருக்கு ஓர் அளவும், பாய் விரித்துப் படுப்போர் உயிருக்கு வேறோர் அளவும் ஆயின. விதி எழுதும் மேசையில் நம்மவர் இல்லாதவிடத்து இவ்வாறு நேர்தல் இயல்பேயென்பது நம் அபிப்பிராயம்.

மேசையில் மட்டுமன்று, கப்பலின் மேற்பதவிகளிலும் அக்காலத்தில் நம்மவர் அரியர். லஸ்கர் என்னும் பெயரால் நிலக்கரி அள்ளியும் கயிறு இழுத்தும் உழைத்தோர் பல்லாயிரவர். ஆணை பிறப்பிக்கும் பதவிகளோ பெரும்பாலும் ஐரோப்பியர் வசமே இருந்தன. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பற் கம்பெனியைப் பத்து லக்ஷ ரூபாய் மூலதனத்திற்குப் பங்கு ரூ. 25 வீதம் திரட்ட முனைந்து நிறுவியதும், 1908-இல் அவர்கள் சிறைப்பட்டதும், 1911-இல் கம்பெனி கலைந்ததும் யாவரும் அறிந்தவையாதலின் விரிக்கவில்லை. 1919-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் தேதி ஸிந்தியா கம்பெனியின் 'லாயல்டி' பம்பாயினின்று லண்டன் நோக்கிப் புறப்பட்டது. அந்நாளே இன்று தேசியக் கடல்சார் தினம். 1927-இல் பம்பாயில் 'டப்பரின்' பயிற்சிக் கப்பல் தொடங்கிய பின்னரே நம் இளைஞர்க்குக் கப்பல் அதிகாரியாகும் வாயில் ஒழுங்காகத் திறந்தது.

1947-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் தேதி, பம்பாய்த் துறையினின்று ரேவஸுக்குச் சென்ற 'ராம்தாஸ்' என்னும் சிறு கப்பல் கவிழ்ந்து 600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். இரண்டாண்டு கழித்து, 1949 செப்டம்பரில், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் பம்பாயில் நிறுவப்பெற்றது. 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பற் சட்டம் அதற்கு அதிகாரம் வழங்கியது. 2025-இல் பாராளுமன்றம் அதற்கு மாற்றாகப் புதிய சட்டம் இயற்றியது.

இவ்வியக்ககத்தின் சர்வேயர்கள் கப்பலின் அடித்தட்டு முதல் உயிர்காப்புப் படகு வரை சோதித்து அத்தாட்சி அளிக்கின்றனர். இரண்டாம் மேட் முதல் மாஸ்டர் வரையும், எஞ்சினியர் வகுப்புக்களிலும் பரீக்ஷை நடத்தித் தகுதிச் சான்று தருவதும், கடலில் விபத்து நேரின் விசாரிப்பதும், மாலுமியின் சம்பளம், உணவு, ஊர்திரும்பும் உரிமை இவற்றைக் காப்பதும் இதன் கடமைகளே. உலக அரங்கிலும் நிலை மாறியது. லண்டனிலுள்ள சர்வதேசக் கடல்சார் ஸ்தாபனத்திற்கு 1974 முதல் 1989 வரை தலைமைச் செயலாளராயிருந்தவர் ஸி. பி. ஸ்ரீவாஸ்தவா என்னும் இந்தியரே.

பெண்மக்களும் இத்துறையில் புகுந்துள்ளனர். 2015 ஜூன் மாதம் ஒடிசாக் கரைக்கப்பால் புயலிற் சிக்கித் தத்தளித்த மீனவர் எழுவரைக் காத்தவர், 'சம்பூர்ண ஸ்வராஜ்ய' கப்பலின் தலைவரான கேரளத்து ராதிகா மேனன் அம்மையார். அதன்பொருட்டு மறு ஆண்டில் அச்சர்வதேச ஸ்தாபனத்தின் வீரப் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இவ்வளவும் கூறியது நம் பிள்ளைகளை முன்னிட்டே. பழைய கங்காணியின் இடத்தில் இன்று போலி ஏஜெண்டு வந்து நிற்கின்றான். கிணற்று நிலத்தை ஈடுவைத்து லக்ஷக்கணக்கில் பணங்கொடுத்து, வெளிநாட்டுத் துறைமுகத்தில் சம்பளமின்றிக் கைவிடப்பட்ட இளைஞரைப்பற்றிய செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. அவ்வாறு கைவிடப்படும் மாலுமிகளுள் அண்மை ஆண்டுகளில் இந்தியர் மிகுதி. மாலுமிகளை வேலைக்கு அனுப்புவோர் இயக்ககத்தின் லைசென்ஸ் பெற்றிருத்தல் வேண்டும்; வேலை பெற்றுத் தருவதற்கென மாலுமியிடம் பணம் வாங்குதல் விதிப்படி குற்றம். ஆதலின் பணம் கேட்பவன் எவனாயினும் அவன் பேச்சு அங்கேயே முடிந்தது.

பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகம், ரஸாயனம், கணிதம் பயின்று, கண்பார்வை நன்குடையோர், 2008-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவப்பெற்ற இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுப் பரீக்ஷையை எழுதலாம். அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியலும், லைசென்ஸ் பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியலும் இயக்ககத்தின் இணையதளத்தில் உள்ளன. முன்பணம் கொடுப்பதற்கு முன் அவ்விரு பட்டியல்களையும் வீட்டிலுள்ள படித்த பிள்ளையைக்கொண்டு பார்த்துக்கொள்ளுமாறு பெற்றோரை வேண்டுகின்றோம்.