கரணமும் பதிவேடும்: மலேசியத் தமிழர் திருமண மரபு குறித்து ஒரு வரலாற்றுப் பார்வை

ஆலயத்தில் திருவிழா ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது. திருமணமோ முகூர்த்த நாள்தோறும் வருகிறது. இறைவன் திருமுன் தாலி கட்டும் வழக்கம் இந்நாட்டுத் தமிழரிடம் இன்றும் உயிரோடு உள்ளது. ஆயினும், காலம் மாறிவிட்டது, சட்டமும் நாகரிகமும் சேர்ந்து நம் மரபை விழுங்கிவிட்டன என்று பெரியவர்கள் வருந்துவதைக் கேட்கிறோம். அவ்வருத்தம் முற்றிலும் பொருளற்றது அன்று. ஆனால் மரபைக் காப்பது என்றால் எதைக் காப்பது என்னும் வினாவிற்கு, நம் திருமண வரலாறே நல்லதொரு விடையைத் தருகிறது.

தமிழின் தொன்மையான இலக்கண நூலாகிய தொல்காப்பியம், கற்பியலில் ஓர் அரிய செய்தியைக் கூறுகிறது. காதலித்தவர் பின்னர் பொய் கூறி மறுத்தலும், ஒழுக்கத்தினின்று வழுவுதலும் தோன்றியபின், சான்றோர் கரணம் என்னும் திருமணச் சடங்கை வகுத்தனர் என்பதே அச்செய்தி. ஆகவே சடங்கு வெறும் அலங்காரத்திற்காகப் பிறந்தது அன்று. ஏமாற்றப்பட்டவளுக்கு அரணாகவே அது பிறந்தது. பந்தக்கால் நடுவதும், ஊரைக் கூட்டுவதும், அக்கினி சாட்சியாகக் கைப்பிடிப்பதும், கெட்டிமேளம் முழங்குவதும், “இவள் இவனுக்கு உரியவள், இவன் இவளுக்குக் கடமைப்பட்டவன்” என்பதைப் பலரறியச் செய்வதற்கே ஆகும்.

இவ்வரண் கடல் கடந்து வந்தபோது தளர்ந்தது. ஒப்பந்தக் கூலி முறையில் வந்தோருள் பெரும்பாலோர் தனி ஆடவர்கள். 1910இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது நிறுத்தப்பட்டது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. கங்காணிகள் தத்தம் ஊரிலும் உறவிலும் ஆள் சேர்த்ததால் குடும்பங்களும் வரத் தொடங்கின. எனினும் 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போதுகூட, மலாயா இந்தியரிடையே 1,000 ஆண்களுக்கு 500 பெண்களும் இல்லை. ஊரில் ஒரு மனைவி, இங்கு ஒரு மனைவி என்னும் நிலையும் அக்காலத்தில் இருந்தது. பலதார மணத்தை வழக்கமும் தடுக்கவில்லை, சட்டமும் தடுக்கவில்லை.

அக்காலத் தோட்டத் திருமணத்திற்குத் தோட்டமே பதிவேடு. லயத்து மக்கள் அனைவரும் சாட்சிகள். மனைவியைக் கைவிட நினைத்தவன் கங்காணிக்கும் கோயில் பெரியவர்களுக்கும் மறுமொழி கூற வேண்டியிருந்தது. ஆனால் 1950களிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடல் நிகழ்ந்தது. பின்னர் ரப்பர்க் காடுகள் செம்பனைக்கும் வீடமைப்பிற்கும் இடம் விட்டன. குடும்பங்கள் நகர்ப்புறப் புறம்போக்கு நிலங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறின. தாலி கழுத்தில் இருந்தது. தாலி கட்டியதைக் கண்ட ஊர் இல்லாது போயிற்று.

இச்சூழலில்தான், 1976இல் நிறைவேற்றப்பட்ட திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடப்பிற்கு வந்தது. முஸ்லிம் அல்லாதார்க்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பதை அது நிலைநாட்டியது. திருமணப் பதிவையும் கட்டாயமாக்கியது. சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டு மாதர் சாசனம் இவ்வழியில் முன்னரே சென்றிருந்தது. இத்தகைய சட்டம் வரும்போது மரபைப் போற்றுவோர் அஞ்சுவது இயல்பே. ஆனால் சட்டத்தைக் கூர்ந்து படிப்போர்க்கு, அது நம் வழக்கத்தை எவ்வளவு மதித்தது என்பது விளங்கும்.

முதலாவதாக, அந்நாளுக்கு முன்னர்ச் சமய வழக்கப்படி முறையாக நடந்த திருமணங்களைப் பதிவு பெற்றவையாகவே சட்டம் கருதியது. இரண்டாவதாக, தடை செய்யப்பட்ட உறவுகளைப் பட்டியலிட்டபோது, இந்துக்கள் தம் வழக்கப்படி தாய்மாமனை மணக்கும் முறைக்கு விலக்களித்தது. மூன்றாவதாக, ஆலயக் குருக்களைத் துணைப் பதிவதிகாரியாக நியமித்து, ஆலயத்திலேயே சமய முறைப்படி திருமணம் நடத்திப் பதியவும் வழிவகுத்தது. 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றது. நம் நிச்சயதாம்பூலமும் ஊரறிய முன்னறிவிப்பதே அன்றோ? 21 வயது நிரம்பாதவர்க்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்றது. மணமக்கள் இருவரும் மனமுவந்து இசைய வேண்டும் என்றும், சாட்சிகள் இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. பொதுவாக மணவிலக்குக் கோருமுன் சமரசக் குழுவை நாட வேண்டும் என்று கூறியதோடு, சமயமோ சமூகமோ அமைக்கும் குழுவும் அப்பணியை ஆற்றலாம் என்று இடமளித்தது. கோயில் மண்டபத்தில் பெரியவர்கள் அமர்ந்து பேசித் தீர்த்த பழைய முறைக்கு, இதைவிடப் பெரிய மதிப்பு வேறென்ன வேண்டும்?

எனவே பதிவேடு கரணத்திற்குப் பகை அன்று. பொய்யும் வழுவும் தோன்றியபோது சான்றோர் சடங்கை வகுத்தது போலவே, ஊர் சிதறியபோது எழுந்த இக்காலக் கரணம் அது.

இதை உணராமையால் இன்று இரு வகைத் தவறுகள் நிகழ்கின்றன. தாலி கட்டியாயிற்று, தாள் எதற்கு என்று பதிவைத் தள்ளிப்போடுவது முதல் தவறு. அரசுப் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவரும் எனக்கு, ஆவணமின்றி முகப்பிடத்தில் வந்து நிற்கும் நம்மவர் துயரம் புதியது அன்று. கணவனை இழந்த பெண், தான் மனைவி என்பதை மெய்ப்பிக்க அலைகிறாள். அதனினும் கொடியது பிள்ளைகளின் நிலை. பெற்றோர் திருமணம் பதிவாகாதபோது, கூட்டரசு அரசியலமைப்பின் விதிப்படி பிள்ளையின் குடியுரிமை தாயைச் சார்ந்து நிற்கிறது. தாயிடமும் குடியுரிமை இல்லையெனில், இம்மண்ணில் பிறந்த குழந்தை நாடற்றதாகி, பள்ளி வாசலிலேயே தடுமாறுகிறது. தந்தை குடிமகனாக இருந்தும் பயனில்லை. பின்னர் பதிந்தாலும் இழந்தது எளிதில் மீள்வதில்லை.

இரண்டாவது தவறு இதற்கு நேர்மாறானது. வசதிக்காகப் பதிவை முன்கூட்டியே முடித்துவிட்டு, ஆலயத் திருமணத்தை மாதக்கணக்கில், ஏன் ஆண்டுக்கணக்கில்கூடத் தள்ளிவைப்பது. இடையில் மனவேற்றுமை எழுந்தால், உறவினர் கண்ணில் அவர்கள் மணமாகாதவர். சட்டத்தின் கண்ணிலோ மணமானவர். தாலி ஏறாத பெண் மணவிலக்கு நாடி நீதிமன்றப் படியேறும் அவலம் இதனால் நேர்கிறது.

இரண்டும் ஒரே நாளில், ஒரே சன்னிதியில், பெற்றோர் முன்னிலையில் நடைபெறுவதே மரபிற்கும் சட்டத்திற்கும் ஏற்ற வழி. ஆலய நிர்வாகத்தினர் மண்டபத்திற்கு முன்பதிவு கேட்டு வருவோரிடம் முகூர்த்த நேரத்தை வினவுவது போலவே, பதிவு குறித்தும் வினவுதல் நன்று. ஆவணக் குறைபாடு உள்ள குடும்பங்களுக்கு வழிகாட்டுதலும், பிணங்கிய தம்பதியரை அமர்த்திப் பேசுதலும் அன்னதானத்திற்கு இணையான திருப்பணிகளே.

திருமணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பர். பயிரைக் காப்பது வேலி. வேலி காலத்திற்கேற்ப முள்ளாகவும் கம்பியாகவும் மாறலாம். பழைய முள்வேலியே வேண்டும் என்று அடம்பிடித்துப் பயிரை இழப்பதும், வேலி வந்துவிட்டதென்று பயிரையே மறப்பதும் மரபைக் காத்தல் ஆகா. கற்பும் கடமையும் கைவிடாமையும் பயிர் என்பதை உணர்ந்து, வருங்காலத் தலைமுறை ஒளியுடன் வாழ எல்லாம் வல்ல இறையருள் துணை நிற்பதாக.