நோவும் காத்திருப்பும்: மன்னார்க் கரையில் பிள்ளைப்பேறு

பழைய மாணவியர் கூடும் எந்த வீட்டிலும் பேச்சு கடைசியில் எங்கே வந்து நிற்கும் என்பதை நாம் அறிவோம். யார் பக்கத்தில் யார் இருந்தோம், எந்த ஆசிரியை இப்போது எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் முடிந்தபின் பிள்ளைகளைப் பற்றிக் கேட்போம். அங்கிருந்து பிள்ளைப்பேற்றுக்குப் போவோம். "எனக்கு நாள் தள்ளிப்போச்சு, சேலைன் ஏத்தித்தான் நோ வந்தது" என்பார் பேசாலையிலிருந்து வந்தவர். "நான் ஊசி மருந்து ஒண்டும் வேண்டாமெண்டு முதலே எழுதிக் குடுத்திட்டன்" என்பார் ரொறன்ரோவிலிருந்து வந்தவர். பக்கத்தில் இருக்கும் மூத்த அக்கா ஒருவர், "எங்களிட்டை ஆர் கேட்டவை?" என்று சிரிப்பார்.

நூற்றாண்டு மலரில் கட்டடங்களின் கதையையும் அதிபர்களின் கதையையும் மற்றவர்கள் எழுதுவார்கள். நாம் இந்தப் பேச்சின் கதையை எழுத விரும்பினோம். நாம் படித்த காலத்தில் விஞ்ஞானப் புத்தகத்தில் இதைப் பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. அது வந்ததும் "வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போவதே அன்றைய வழக்கம். வீட்டிலும் எவரும் வாய் திறக்கவில்லை. எனவே தானாக வரும் நோவா, மருந்தால் வரவைக்கும் நோவா, எது நல்லது என்ற கேள்வியை நமது கரையின் வரலாற்றோடு சேர்த்து இங்கே பார்க்கிறோம்.

வீட்டுப் பேறு

நமது அம்மம்மாமாரும் உம்மும்மாமாரும் பிறந்தது வீட்டில்தான். மன்னார்த் தீவின் கரையோர ஊர்களிலும் சரி, நானாட்டான், முசலிப் பக்கத்துக் குளத்தடி ஊர்களிலும் சரி, பேறு பார்த்தவர் ஊர் மருத்துவிச்சி. நோ தொடங்கியதும் வருவார். நச்சுக்கொடி விழுந்து, பிள்ளையைக் குளிப்பாட்டிக் கையில் கொடுக்கும்வரை எழுந்து போகமாட்டார். தாயை நடக்கவைப்பார், இடுப்பைத் தேய்த்துவிடுவார், பயந்தால் அதட்டுவார், அழுதால் அணைப்பார்.

அந்தக் காலத்தில் எல்லாம் இயற்கையாகவே நடந்தது, எவரும் அவசரப்படுத்தவில்லை என்று நாம் நினைப்பதுண்டு. அது முழுக்கச் சரியல்ல. நோ மெய்யா பொய்யா என்று அறிய நற்சீரகம் அவித்த தண்ணீர் கொடுத்தார்கள். பொய்நோ அடங்கும், மெய்நோ கூடும் என்பது நம்பிக்கை. நாள் கடந்தால் ஆமணக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைக் கலக்கினார்கள். நோவைத் தூண்டும் எண்ணம் ஆசுபத்திரிக்கு முன்பே நமது அடுப்படியில் இருந்தது.

மருந்தோடு மன்றாட்டும் இருந்தது. வங்காலையின் பங்கு ஆலயம் புனித ஆனாளுக்குரியது. மாதாவைப் பெற்ற அந்தத் தாய் பிள்ளை பெறும் பெண்களின் பாதுகாவலியாகப் போற்றப்படுபவர். மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தார்கள். முஸ்லிம் வீடுகளில் துஆ ஓதினார்கள். சைவ வீடுகளில் தாயுமானவரின் கதை சொன்னார்கள். காவேரி பெருக்கெடுத்ததால் மகளின் பேற்றுக்குத் தாய் வந்துசேர முடியவில்லை. சிவபெருமானே அந்தத் தாயின் உருவில் வந்து பேறு பார்த்தார் என்பது திருச்சிராப்பள்ளித் தலத்தின் கதை. தண்ணீரைத் தாண்டித்தான் எங்கும் போகவேண்டும் என்று இருந்த தீவுப் பெண்களுக்கு அந்தக் கதையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

மருத்துவிச்சியால் செய்யமுடியாதவையும் இருந்தன. இரத்தம் நிற்காவிட்டால், வலிப்பு வந்தால், பிள்ளை குறுக்கே கிடந்தால், பின்னர் காய்ச்சல் கண்டால் அவர் கையில் ஒன்றுமில்லை. பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று சொன்னது வெறும் வார்த்தைக்காக அல்ல. 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். ஏறக்குறைய 50 பேறுக்கு ஒரு தாய். வரண்ட வலயத்தில் மலேரியாக் காய்ச்சல் தாய்மாரின் இரத்தத்தை முன்பே உறிஞ்சி வைத்திருந்தது.

மாற்றம் வந்த வழி

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். மோன்செல் என்பவரின் பிரசவ நூல் அவரது முயற்சியால் 1857இல் 'பிரசவ வைத்தியம்' என்ற பெயரில் தமிழில் அச்சானது. கொழும்பில் டீ சொய்சா பிரசவ மனை 1879இல் திறக்கப்பட்டது. இணுவிலில் பெண்களுக்கென மக்லியொட் ஆசுபத்திரி 1898இல் வந்தது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. வீடு வீடாகச் செல்லும் பயிற்றப்பட்ட மருத்துவமாதின் சேவை அந்த ஏற்பாட்டோடு நாடெங்கும் பரவியது. 1940களின் நடுப்பகுதியில் டி.டி.ரி. தெளித்து மலேரியாவைக் கட்டுப்படுத்தினார்கள். 1950 அளவில் தாய்மார் இறப்பு ஒரு இலட்சத்துக்கு 600க்கும் கீழே இறங்கியது. அண்மைய காலத்தில் அது 30, 40 என்ற அளவில் இருக்கிறது. இன்று நாட்டின் பேறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது ஆசுபத்திரியிலேயே நடக்கிறது.

இந்த வரலாற்றில் பெண்கள் பாடசாலைகளுக்கும் பங்குண்டு. வாசிக்கத் தெரிந்த பெண்தான் மருத்துவமாதாகவும் தாதியாகவும் பயிற்சி பெறமுடிந்தது. வாசிக்கத் தெரிந்த தாய்தான் சிகிச்சை நிலைய அட்டையைப் பார்த்து உரிய நாளில் போனாள். தாய்மார் இறப்பு குறைந்ததற்குப் பெண்கல்வியையும் ஒரு காரணமாக ஆய்வாளர்கள் எண்ணுகிறார்கள். சைக்கிளில் வந்த குடும்பநல மாதை நமக்கு நினைவிருக்கிறது. அவரும் நம்மைப்போல் ஒரு வெள்ளைச் சீருடையில் பாடசாலைக்குப் போனவர்தான்.

நோவைத் தூண்டும் மருந்தும் தணிக்கும் மருந்தும்

இன்று சேலைன் வழியே ஏற்றும் மருந்துக்கு ஒக்சிற்றோசின் என்று பெயர். மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருங்கவைப்பதை ஹென்றி டேல் 1906இல் காட்டினார். 1909இல் பிளேயர்-பெல் அதைப் பேற்றில் பயன்படுத்தியதைப் பற்றி எழுதினார். 1953இல் வின்சன்ற் டு விக்னோ அதை ஆய்வுகூடத்தில் செய்துகாட்டினார். 1955இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதன்பிறகுதான் துளித்துளியாக அளந்து கொடுக்கக்கூடிய, நம்பத்தக்க மருந்தாக அது பிரசவ விடுதிகளுக்கு வந்தது.

நோவைத் தணிக்கும் கதை அதற்கும் முந்தியது. எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் 1847இல் பேற்றுக்கு மயக்கமருந்து கொடுத்தார். 1853இல் விக்ரோறியா மகாராணி குளோரோபோம் பெற்றுப் பிள்ளை பெற்றார். 1933இல் பிரித்தானிய மருத்துவர் கிறான்ற்லி டிக்-றீட் எதிர்ப்பக்கத்திலிருந்து பேசினார். அச்சமே உடலை இறுக்கி நோவைக் கூட்டுகிறது, அறிவும் துணையும் இருந்தால் மருந்து குறைவாகவே தேவைப்படும் என்றார். 'இயற்கைப் பிரசவம்' என்ற இயக்கம் அப்படித் தொடங்கியது. ஏவாளுக்கு விதிக்கப்பட்ட வேதனையைக் குறைக்கலாமா என்று கத்தோலிக்கர் கேட்டபோது, திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1956 ஜனவரியில் பதில் சொன்னார். பயிற்சியாலும் அறிவாலும் நோவைக் குறைக்கும் முறை விசுவாசத்துக்கு மாறானதல்ல என்றார். "பெத்தவளுக்குத்தான் நோவெண்டா என்னவெண்டு தெரியும், தாங்கத்தான் வேணும்" என்று கேட்டு வளர்ந்த நமது தாய்மார் பலருக்கு அந்தச் செய்தி எட்டியதாகத் தெரியவில்லை.

தெரிவு இல்லாத ஆண்டுகள்

மேலைநாடுகளில் இயற்கைப் பிரசவம் ஒரு தெரிவாக வளர்ந்த அதே ஆண்டுகளில், நமது கரையில் அது வேறு பொருள் கொண்டது. 1990இல் மன்னார்ப் பாலம் தகர்ந்தது. அந்த ஆண்டு ஒக்ரோபரில் எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டுப் படகுகளில் கற்பிட்டிப் பக்கம் போனார்கள். நிறைமாதத்தாரும் பச்சைப்பிள்ளைக்காரரும் அவர்களுள் இருந்தார்கள். மடுவிலும் பேசாலையிலும் இருந்த அகதி நிலையங்களில் பிள்ளைகள் பிறந்தன. தலைமன்னாரிலிருந்து இரவில் படகேறி இராமேசுவரம் போய், மண்டபம் முகாமில் பிள்ளை பெற்றவர்களும் நம்மில் உண்டு. அவர்கள் மருந்தில்லாமல் பெற்றார்கள். ஆனால் அதை ஒரு பெருமையாக அவர்கள் சொல்லி நாம் கேட்டதில்லை. மருந்து இல்லை, வாகனம் இல்லை, ஊரடங்கு என்றுதான் சொன்னார்கள். புதிய பாலம் 2010இல் திறந்தபோது, இனி நோவோடு கரையில் காத்திருக்கத் தேவையில்லை என்று சொன்ன தாய்மாருக்கு அந்தப் பாலத்தின் பொருள் நன்றாகத் தெரியும்.

எது நல்லது?

இப்போது கேள்விக்கு வருவோம். தானாக வரும் நோவில் உடல் ஒக்சிற்றோசினை விட்டுவிட்டுச் சுரக்கிறது. பிள்ளையின் தலை கீழே அழுத்த அழுத்த மூளைக்குச் செய்தி போய், நோ படிப்படியாகக் கூடுகிறது. இடைவெளியில் தாய் மூச்சு விடலாம். சேலைன் வழியே வரும் மருந்து இடைவிடாமல் இரத்தத்தில் கலக்கிறது. வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் தாதியின் கையில் இருக்கிறது. இரண்டையும் அனுபவித்த பலர், "சேலைன் நோ விடாமல் அடிச்சது" என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். மருந்து மிஞ்சினால் சுருக்கங்கள் அடுக்கடுக்காக வந்து பிள்ளையின் இதயத்துடிப்பு தளரலாம். முன்பு வயிறு வெட்டிப் பிள்ளை எடுத்தவருக்குத் தையல் இடத்தில் கருப்பை கிழியும் ஆபத்தும் உண்டு. கருப்பை வாய் பழுக்காத நிலையில் தொடங்கினால் நாள் முழுவதும் இழுபடலாம். அந்தப் பழுத்த நிலையை அளந்து புள்ளியிடும் முறையை எட்வேட் பிஷப் 1964இல் தந்தார். இன்றும் பலூன் குழாய் வைத்து முதலில் வாயைத் திறக்கச் செய்வது இதனால்தான்.

காத்திருப்பதற்கும் விலை உண்டு. இரத்த அழுத்தம் ஏறினால், சலரோகம் இருந்தால், பன்னீர்க்குடம் உடைந்தும் நோ வராவிட்டால் காத்திருப்பது ஆபத்து. நலமாக இருப்பவருக்கும் 41 வாரம் தாண்டினால் தூண்டுவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. சுவீடனில் 2,760 பெண்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், 41 வாரத்தில் தூண்டிய பிரிவில் ஒரு பிள்ளையும் இறக்கவில்லை. 42 வாரம்வரை காத்திருந்த பிரிவில் 6 பிள்ளைகள் இறந்ததால் ஆய்வை இடையில் நிறுத்தினார்கள். ஆகவே "நாள் தள்ளிப்போச்சு" என்று மருத்துவர் சொல்வது வெறும் அவசரம் அல்ல.

ஆனால் ரொறன்ரோத் தோழியும் பேசாலைத் தோழியும் வாதிடும்போது ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். அங்கே தூண்டுவதானால் முதுகில் ஊசி போட்டு நோவை மறக்கச் செய்யும் வசதியும் கூடவே இருக்கும். முதுகு ஊசிக்கு மயக்கமருந்து வைத்தியர் வேண்டும். நமது வெளிமாவட்டங்களில் அது எளிதில் கிடைப்பதில்லை. பெதடின் ஊசி ஓரளவே தணிக்கும். பேறு நெருங்கும் வேளையில் கொடுத்தால் பிள்ளையும் சோரலாம். எனவே நமது பெண்கள் பலர் மருந்தால் தூண்டிய நோவைத் தணிக்க மருந்தில்லாமல் தாங்குகிறார்கள். இரண்டு முறைகளில் எது என்று அவர்கள் தெரிந்தெடுப்பதில்லை. இரண்டின் கடினமான பாதியும் ஒரே கட்டிலில் அவர்களுக்கு வந்துசேர்கிறது.

இங்கேதான் ஊர் மருத்துவிச்சியை மீண்டும் நினைக்கிறோம். அவரிடம் இல்லாத இரத்தம், ஊசி, சத்திரசிகிச்சை எல்லாம் இன்று நமக்கு உண்டு. அவரிடம் இருந்த ஒன்றை வழியில் தவறவிட்டோம். அவர் பக்கத்தில் இருந்தார். பேறு முடியும்வரை ஒருவர் விடாமல் துணையிருந்தால் சத்திரசிகிச்சையும் நோமருந்தும் குறைவாகவே தேவைப்படுகின்றன என்பதை 15,000க்கு மேற்பட்ட பெண்களைக் கொண்ட ஆய்வுகளின் தொகுப்பு காட்டியிருக்கிறது. தூண்டிய நோவுக்குத் துணை இன்னும் கூடுதலாக வேண்டும். ஏனெனில் அங்கே சேலைனையும் பிள்ளையின் துடிப்பையும் பார்க்க ஒருவர் கண்விழித்திருக்கவேண்டும். காத்திருக்கும் நோவுக்கும், எப்போது காத்திருப்பை நிறுத்தவேண்டும் என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். பேற்றுக்குப் போன இளந்தாய் வீடு திரும்பாத துயரம் அண்மை ஆண்டுகளிலும் நமது மாவட்டத்தை உலுக்கியது. ஆகவே இது முடிந்துபோன வரலாறு அல்ல.

ஆகையால் எது உயர்ந்தது என்று தோழியர் இனி வாதிடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். சேலைனில் பெற்றவர் குறைந்தவரல்லர். மருந்தில்லாமல் பெற்றவர் கூடியவருமல்லர். நமது மகள்மாருக்கும் மருமக்களுக்கும் நான்கு கேள்விகளைச் சொல்லிக்கொடுப்போம். ஏன் தூண்டுகிறீர்கள்? இன்னும் சில நாள் பொறுத்தால் என்ன ஆகும்? நோவுக்கு என்ன தருவீர்கள்? என்னோடு யார் இருப்பார்? மரியாதையோடு கேட்டால் பதில் சொல்ல மனமுள்ள வைத்தியர்களும் தாதியரும் நிறையவே இருக்கிறார்கள். அவர்களில் பலர் நமது பழைய மாணவியர்தாம்.

நம்மில் இன்று ஆசிரியைகளாக இருப்பவர்களிடம் ஒன்று வேண்டுகிறோம். விஞ்ஞானப் புத்தகத்தில் அந்த அத்தியாயம் வரும்போது அதை வகுப்பிலேயே படிப்பியுங்கள்.