பஞ்ச நிவாரணமும் நிலக் கணக்கும்

குருவிகுளம் வட்டாரத்துக் கரிசல் நிலம் வானம் பார்த்த பூமியாகும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி உளுந்தும் பாசியும் பருத்தியும் மக்காச்சோளமும் விதைக்கும் உழவர்க்கு மழை பொய்த்தாலும் துன்பம்; மிகுந்தாலும் துன்பம். அத்தகைய காலங்களில் அரசு நீட்டிய கை யாரை எட்டியது, யாரை எட்டாது நின்றது என்பதை நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் எண்ணிப் பார்த்தல் நம் கடனாகும்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய கொடுமையைத் தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் கூறுவர். அதனை அடுத்து அமைந்த பஞ்சக் குழு 1880இல் அறிக்கை அளித்தது. 1883இல் பஞ்ச நிவாரண விதிகள் தொகுக்கப்பட்டன. உடல் வலிமை உடையோர்க்கு மண் வேலையும் கூலியும், இயலாதோர்க்கு இலவச உதவியும் வழங்க அவை வகை செய்தன. நிலமுடையோர்க்கோ தீர்வைத் தள்ளுபடியும், 1884ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தக்காவிக் கடனும் கிடைத்தன. நிலத்தை உடையவருக்கு ஒரு வழி, அந்நிலத்தில் உழைப்பவருக்கு வேறொரு வழி என்ற பிரிவினை அன்றே வேரூன்றிவிட்டது.

நம் மக்களுள் பெரும்பாலோர் இரண்டாம் வழியிலேயே நின்றனர். செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையை அடுத்து, 1892இல் ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் வழங்க வழி பிறந்தது. ஆயினும் அவ்வாறு மாகாணத்தில் வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களுள் பல பிறர் கைக்குப் போயின. வாய்மொழிக் குத்தகைக்கும் வாரத்திற்கும் உழுதோர் பெயர் ஏட்டில் ஏறவில்லை. அதனைப் பதிவு செய்ய 1969இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. ஆனால் பதிவு கேட்டால் நிலமே பறிபோகுமோ என அஞ்சி வாய் திறவாதிருந்தோர் பலர்.

அண்மைக் கால நிகழ்ச்சிகளும் இதனையே காட்டுகின்றன. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரி 10ஆம் நாள் தமிழக மாவட்டங்கள் அனைத்தும் வறட்சி பாதித்தவை என அரசு அறிவித்தது. ஏக்கருக்கு நெல் முதலிய பாசனப் பயிர்களுக்கு 5,465 ரூபாயும், மானாவாரிப் பயிர்களுக்கு 3,000 ரூபாயும் உதவியாக அமைந்தன, நிலவரியும் தள்ளுபடியாயிற்று. இவையெல்லாம் பட்டா, அடங்கல், வங்கிக் கணக்கு ஆகியவற்றின் வழியே சென்றவை. நிலமற்ற உழைப்பாளிக்குக் கிடைத்த ஆறுதல், நூறு நாள் வேலை 150 நாளாக உயர்த்தப்பட்டதேயாம்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென் மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. அப்போது 33 விழுக்காட்டிற்கு மேல் சேதமுற்ற மானாவாரிப் பயிருக்கு எக்டேருக்கு 8,500 ரூபாய் என அரசு அறிவித்தது. தென்காசி மாவட்டத்தில் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டது. தொகை சிறிதே, எனினும் அது நிலம் உண்டா எனக் கேளாது வீட்டின் வாயிலுக்கு வந்த தொகை என்பதை நாம் மறத்தலாகாது.

ஆகவே, நிவாரணத்தின் அளவை ஆணை முடிவு செய்கிறது. அது சேரும் இடத்தையோ கணக்கு முடிவு செய்கிறது. அக்கணக்கை எழுதும் கிராம முன்சீப், கர்ணம் பதவிகள் நெடுங்காலம் பரம்பரையாகச் சில குடும்பங்களிடமே இருந்தன. 1980 நவம்பரில் அவை ஒழிக்கப்பட்டன. பின்னர் கிராம நிர்வாக அலுவலர் பணி தேர்வெழுதிப் பெறும் பணியாயிற்று. நம் பிள்ளைகளுக்கும் அக்கதவு திறந்தது. கல்வியின் பயன் இதனினும் வெளிப்படையாக விளங்கும் இடம் வேறுண்டோ?

நம் சங்கம் இனி ஆற்றவேண்டிய பணியும் இதுவே. பட்டாவையும் சிட்டாவையும் அடங்கலையும் படித்தறியும் பயிற்சியை நம் மாணவர்க்கு அளிப்போமாக. உழுபவர் பெயர் அடங்கலில் ஏறியுள்ளதா என ஆண்டுதோறும் பார்ப்போமாக. நிவாரணம் இரந்து பெறும் பொருள் அன்று, உழைப்பவரின் உரிமை. அவ்வுரிமையைக் கேட்கும் மனு நம் பிள்ளைகளின் கையெழுத்திலேயே அமைதல் வேண்டும்.